படம் படிச்ச புள்ள

அவளிடம் எதையாவது காட்டி "நல்லா இருக்கா?" என்று கேட்டுவிடக் கூடாது. கேட்டால் அன்றைக்குப் பொழுது போச்சு. என் தங்கச்சி கல்யாணத்துக்கு எடுத்த பட்டுச்சேலையைக் காட்டினேன். மற்றவர்கள் எல்லாம் "ஆத்தி, எம்புட்டு அழகு!" என்று கன்னத்தில் கை வைத்தார்கள். இவள் மட்டும் சேலையைத் திருப்பிப் போட்டு உள்பக்கத்து நூலைப் பார்த்தாள். முந்தியை விரித்து ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். "ஏடி, நல்லா இருக்கா இல்லையா, ஒரு வார்த்தை சொல்லேன்" என்றேன். "இருங்கக்கா, இன்னும் பாக்கல" என்றாள். கால் மணி நேரமாகக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் பார்க்கவில்லையாம்! வந்த ஆத்திரத்துக்குச் சேலையைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

பேர் சொல்ல மாட்டேன். சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை. எங்கள் தெருவிலும் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வடக்கே ஒரு யுனிவர்சிட்டியில் கலை வரலாறு எம்.ஏ. படித்துவிட்டு வந்தவள். கலை வரலாறு என்றால் திண்டுக்கல்லில் எங்கள் ரயில்வே கேட்டுத் தெருவில் யாருக்கு என்ன தெரியும்? படத்தைப் பற்றி, சிலையைப் பற்றிப் படிச்ச புள்ள என்று ஆரம்பித்து, படம் படிச்ச புள்ள என்று சுருங்கிவிட்டது. அவளும் அதற்குக் கோபித்துக்கொள்ளவில்லை. "சரியாத்தானேக்கா சொல்றாங்க" என்பாள்.

எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் ஒரே சுவர். அதனால் அந்த வீட்டுச் சண்டை எல்லாம் எனக்கு மனப்பாடம். அவள் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்கும். "பாட்டுப் படிச்சா பாடலாம். வரையப் படிச்சா வரையலாம். எவனோ வரைஞ்சு வச்சதைப் பத்திப் படிச்சா என்னத்தடி பண்றது?"

"பாக்கலாம்மா."

"அதுக்கு எதுக்குடி எம்.ஏ.? எனக்குந்தான் ரெண்டு கண்ணு இருக்கு."

அவள் அப்பா ரிட்டயரான பஸ் கண்டக்டர். மகளுடைய சர்டிபிகேட்டை பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். வாத்தியார் வேலைக்குப் பதியப் போன இடத்தில், "முன்னாடி ஆர்ட்டுன்னு போட்டிருக்கு, பின்னாடி ஹிஸ்டரின்னு போட்டிருக்கு. இது ரெண்டுல எது, பெரியவரே?" என்று கேட்டார்களாம். வரலாறு வேறு, கலை வரலாறு வேறாம். ரெண்டும் சமம் என்று சான்று வாங்கி வரச் சொன்னார்கள். சான்று தருகிற இடத்தில் அதற்கு இன்னொரு சான்று கேட்டார்கள். மனுசனுக்குச் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். வீட்டுக்கு வந்து மகளை ஒரு வார்த்தை திட்ட மாட்டார். "வெயிலும்மா" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார்.

அவளோடு படித்தவர்கள் எல்லாம் எங்கெங்கோ இருந்தார்கள். ஒருத்தி பம்பாயில் பழைய படங்களை ஏலம் விடுகிற கம்பெனியில். ஒருத்தன் வெளிநாட்டு மியூசியத்தில். போனில் போட்டோ காட்டுவாள். எல்லாம் வீட்டுச் சுவரில் ஏற்கனவே நல்ல படங்கள் மாட்டியிருந்த வீட்டுப் பிள்ளைகள். இவளையும் பம்பாயில் கூப்பிட்டார்கள், ஒரு வருசம் சம்பளமில்லாமல் வேலை கற்றுக்கொள்ள. சம்பளமில்லாமல் பம்பாயில் இருப்பதற்கு, அப்பன் கண்டக்டராக இருந்தால் போதாது. இதையெல்லாம் பாடத்திட்டத்தில் போட மாட்டார்கள் பாருங்கள்.

கல்யாணத்தையாவது முடித்துவிடலாம் என்று பார்த்தார்கள். ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. நம்ம மாதிரி கிறிஸ்தவ வேதக்காரர்கள்தான். தோட்டம், கிணறு, மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் கடை. பையனும் அமைதி. பெண் பார்க்க வந்த அன்றைக்கு, பையனோட அம்மா மடியில் ஒரு மரப்பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. திறந்தால், இயேசு சிலுவையில் தொங்குகிற ஒரு பாடுபட்ட சுரூபம். வெள்ளையாக, முழ நீளத்தில்.

"தந்தமுங்க" என்றது அந்தம்மா. "எங்க மாமனாரோட தாத்தா ரோமாபுரியிலிருந்து கொண்டாந்ததுங்க. எங்க வீட்டுக்கு வார மருமக கையில மொதல்ல இதைத்தானுங்க குடுக்கிறது. வாங்கிக்க கண்ணு."

இவள் வாங்கினாள். உதட்டில் ஒற்றி முத்தி செய்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருந்தால் அன்றைக்கே பூ வைத்திருப்பார்கள். இவள் தலைகீழாகத் திருப்பினாள்! முதுகைப் பார்த்தாள். விலாவைத் தடவினாள். நான் பின்னால் நின்று இடுப்பில் கிள்ளுகிறேன், உறைக்கவே இல்லை.

"எப்படி கண்ணு இருக்குது? நீ இதையே படிச்ச புள்ளையாச்சே, சொல்லு சாமி" என்று அந்தம்மா பெருமையாகக் கேட்டது.

"இது தந்தம் இல்லைங்கத்தை. அச்சுல ஊத்தினது. விலாப் பக்கம் ஒரு கோடு ஓடுது பாருங்க, ரெண்டு அச்சும் சேர்ற இடம்."

அந்தம்மா சுரூபத்தை வாங்கித் துண்டில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தது. "ஏனுங்க, போலாமுங்களா, நேரமாச்சுங்க" என்று புருசனைக் கூப்பிட்டது. அம்புட்டுதான். கேசரி அப்படியே இருந்தது.

அவர்கள் கார் தெருமுனை திரும்புவதற்குள் நான் பிடித்துக்கொண்டேன். "ஆமான்னு தலையாட்டினா உன் தலை கழண்டா விழுந்துரும்? பிழைக்கத் தெரியாத கழுதை!"

"கேட்டாங்களேக்கா."

"கேட்டா? பொய் சொல்ல வாய் வலிக்குதா?"

"பாக்காததைச் சொல்றதுக்கு எதுக்குக்கா படிப்பு? அது எல்லாருக்கும் வரும்ல" என்றாள். சண்டை போடுகிற குரல்கூட இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

இடையில் ஒரு வருசம் வத்தலக்குண்டு ரோட்டில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் ஆர்ட் மிஸ்ஸாக இருந்தாள். தெர்மகோலில் தாஜ்மகால் செய்ய வைப்பதற்கும், ஆண்டு விழாவுக்கு மேடையில் ஜரிகைத்தாள் ஒட்டுவதற்கும்தான் அவளை எடுத்தார்கள். இவள் என்ன செய்தாள் தெரியுமா? வயலோரத்தில் சாய்ந்து கிடந்த ஒரு நடுகல்லை போட்டோ எடுத்துப் பெரிதாக்கி, கரும்பலகையில் ஒட்டி, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை முழு பீரியடும் அதையே பார்க்கச் சொன்னாள். எழுத வேண்டாம், வரைய வேண்டாம், சும்மா பார். கடைசியில் ஒரு பிள்ளை எழுந்து, "மிஸ், குதிரைக்கு ஒரு காலு உடைஞ்சு போச்சு, ஆனா அது நிக்கல மிஸ், ஓடுது" என்றதாம். அதை ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பிரின்சிபால் அம்மா கூப்பிட்டு, "நோட்டுல ஒண்ணுமே ஏறலையே மிஸ், பேரன்ட்ஸ் கேட்டா நான் என்னத்தைக் காட்டுறது?" என்று கேட்டது. கோடை லீவுக்கு அனுப்பும்போதே, ஜூனில் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

இனிமேல் சொல்லப்போவதுதான் விசயம். இதுவரைக்கும் அவளைத் திட்டினேன். இனி என்னைத் திட்டிக்கொள்ள வேண்டும்.

எங்கள் பங்குக் கோவிலில் ஒரு மாதா சுரூபம் இருக்கிறது. மரத்தில் செதுக்கியது, முக்கால் ஆள் உயரம். திருவிழாவுக்குச் சப்பரம் ஏறி ஊரைச் சுற்றி வருகிற மாதா அதுதான். ரோஸ் முகம், நீல முக்காடு, சிவப்பு உதடு. யாருக்காவது வேண்டுதல் பலித்தால் சுரூபத்துக்குப் பெயிண்ட் அடித்து வைப்பது எங்கள் ஊரில் வழக்கம். மேலுக்கு மேல் அடித்து அடித்து, கும்பிட்ட கையில் விரல் எல்லாம் ஒட்டிக் கரண்டி மாதிரி ஆகிவிட்டது. அது கண்ணுக்குத் தெரிந்தாலும் யார் பார்த்தோம்? நானும் பிறந்ததிலிருந்து மெழுகுதிரி வைத்துக் கும்பிட்டவள்தான், பார்த்ததில்லை.

கோவிலுக்கு ஜூபிலி வந்தது. பங்குப் பேரவைத் தலைவர் ஒரு கான்ட்ராக்டர். மாதாவை வேண்டிப் பிறந்த மகன் அவருக்கு. "இந்தத் தடவ பிரஷ்ஷு வேலையெல்லாம் வேணாம். காருக்கு அடிக்கிற மாதிரி ஸ்பிரே அடிச்சு, கண்ணாடி கணக்கா ஆக்கிப்புடுவோம், என் உபயம்" என்று அறிவித்தார். சாமி சத்தியமாக, அந்த மனுசனுக்கு மாதா மேல் இருந்த பாசத்தில் ஒரு துளி கலப்படம் இல்லை. அதனால்தான் யாராலும் அவரை எதிர்த்துப் பேச முடியவில்லை.

இவள் ஓடினாள் ஃபாதரிடம். "அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துக்கிறேன் ஃபாதர்." ஃபாதர் நல்லவர். ஆனால் அடுத்த வருசம் மாற்றல், எந்த வம்பும் வேண்டாம் என்று இருந்தவர். "பாரு, ஆனா தனியா வேணாம். டீச்சர் கூட இருக்கட்டும்" என்று என்னைக் காட்டினார். நான் அதே கோவில் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு டீச்சர், அப்போது தற்காலிகம். என்னை நிரந்தரமாக்குகிற காகிதம் தாளாளர் மேசையில் கிடந்தது. தாளாளர் யார்? அதே ஃபாதர்தான்.

பள்ளிக்கூடம் விட்டதும் நாலு நாள், பூசை உடுப்பு மாற்றுகிற அறையில் நானும் அவளும் மாதாவும். நான் ஒரு கட்டு நோட்டைக் கொண்டுபோய்த் திருத்திக்கொண்டிருப்பேன். முதல் நாள் அவள் தொடவே இல்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பார்த்தாள். பிறகு மண்டியிட்டுப் பார்த்தாள், நாற்காலியில் ஏறி நின்று பார்த்தாள். ரெண்டாம் நாள் பூதக்கண்ணாடி. மூன்றாம் நாள், "அக்கா, இங்க முக்காட்டுக்கு உள்ள, காதுகிட்ட பெயிண்டு தானாவே உதிர்ந்திருக்கு. பழைய கலரு தெரியுது. மேல மெழுகுப் புகை ஏறிக் கெடக்கு" என்றாள்.

நாலாம் நாள், காது குடைகிற பஞ்சுக் குச்சி ஒன்றை எடுத்தாள். நாக்கில் தொட்டு நனைத்தாள். மாதா காதில் வைத்து மெல்ல உருட்டினாள்.

"ஏடி! எச்சிடி!" என்று கத்தியே விட்டேன்.

"கத்தாதீங்கக்கா. எச்சில்தான் அழுக்கைக் கரைக்கும், பழைய கலரை உரிக்காது. பெரிய மியூசியத்துலயே இப்படித்தான் தொடைக்கிறாங்க. தண்ணி வச்சாத்தான் ஆபத்து." சொல்லிக்கொண்டே அடுத்த குச்சியை நாக்கில் வைத்தாள். எங்கள் வீட்டில் எச்சில் டம்ளரைக்கூடத் தனியாகக் கவிழ்ப்போம். அவளுக்கு அது மருந்து பாட்டில் மாதிரி.

குச்சி கறுத்துக்கொண்டே வந்தது. அரை மணி நேரம் கழித்து, "வாங்கக்கா, பாருங்க" என்றாள். பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தாள். நகம் அளவுதான் இருக்கும். ரோஸ் இல்லை, மாநிறம். எங்கள் நிறம். ஒரு காது மடல், அதில் ஒரு ஓட்டை. பாதி அடைத்திருந்தது, மீதி தெரிந்தது. ஓட்டையைச் சுற்றி மஞ்சளாக வட்டம், பூ மாதிரி.

"காது குத்தியிருக்காங்கக்கா" என்றாள். "தோடு போட்டிருக்காங்க. இதைச் செஞ்சவன் வேற எந்த ஊருப் பொம்பளையையும் பாத்துச் செய்யல. பின்னாடி வந்தவங்கதான் ஓட்டையை அடைச்சு வெள்ளைக்காரியா ஆக்கிட்டாங்க."

பொய் சொல்லவில்லை. எங்கள் அம்மா காது மாதிரியே இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்து பூதக்கண்ணாடி மங்கிப்போனது. சிலுவை போட்டுக்கொண்டேன்.

அன்றைக்குத்தான் அவள் தனக்காக ஒன்று கேட்டு நான் பார்த்தேன். "ஆறு மாசம் குடுத்தாப் போதும்க்கா. யுனிவர்சிட்டியில எங்க மேடத்துக்கு போட்டோ அனுப்பியிருக்கேன், ஆள் கூட்டிட்டு வந்து சுத்தம் பண்ணித் தாரேன்னு சொல்லியிருக்காங்க. நான் கூட இருந்து எழுதணும். இந்த மாதிரி இந்தப் பக்கம் எத்தனை கோவில்ல இருக்குன்னு அடுத்து போய்ப் பாக்கலாம். அப்பாவும் இனிமே யார்கிட்டயும் போய் நிக்க வேணாம்" என்றாள். இருந்த ஊரிலேயே, படித்த படிப்புக்கு ஒரு வேலை. அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

கதவோரத்தில், கோவிலில் மணி அடித்து எடுபிடி வேலை பார்க்கிற கோயில்பிள்ளை நின்றதை நாங்கள் கவனிக்கவில்லை. அவன் பார்த்தது குச்சியையும் நாக்கையும் மட்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் தெருவுக்குத் தெரு ஜெபம் சொல்லக் கூடுகிற அன்பியம் அன்பியமாகப் பரவிவிட்டது. நாக்கில் தொட்டது "துப்பினா" ஆகி, காது "மூஞ்சி" ஆகி, "படம் படிச்ச புள்ள மாதா மூஞ்சியில எச்சித் துப்பிட்டா" என்று முடிந்தது. ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது?

ஞாயிறு பூசைக்குப் பிறகு பேரவைக் கூட்டம். கோவிலுக்குப் போகிற வழியிலேயே அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். "இந்தா பாரு, நான் சொல்றதைக் கேளு. எம்புட்டு வருசம்னு கேட்டா முந்நூறுன்னு சொல்லு. போர்ச்சுகல்லருந்து வந்துச்சுன்னு சொல்லு. கப்பல்ல வந்ததுன்னு சொல்லிட்டா நம்ம ஆளுக விழுந்துருவாங்க. ஒருத்தன் பெயிண்ட் டப்பாவைத் தொட மாட்டான்."

"கப்பல்ல வந்திருந்தா காது குத்தியிருக்காதேக்கா."

"அடியேய், அது உனக்கும் எனக்கும்தாண்டி தெரியும்!"

"இங்கயே செஞ்சதாத்தான் இருக்கணும். எப்பன்னு தெரியல. இன்னும் பாக்கல."

தலையில் அடித்துக்கொண்டேன். வேறென்ன செய்ய?

கூட்டத்தில் தலைவர் மரியாதையாகத்தான் ஆரம்பித்தார். "ஏம்மா, எத்தனை வருசத்து மாதாம்மா இது?"

"தெரியலங்கய்யா."

"ஒரு உத்தேசமா?"

"உத்தேசமாச் சொல்லக் கூடாதுங்கய்யா. பாத்துத்தான் சொல்லணும்."

"சரி, பெயிண்டைச் சுரண்டினா அடியில முழு முகமும் இருக்குமா?"

"காதுகிட்ட நகம் அளவு இருக்கு. மீதி இருக்கலாம். இல்லாமலும் போகலாம்."

பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். "ரெண்டு வருசம் படிச்சுட்டு வந்து இருக்கலாம், போகலாம்னு சொல்லுது. இதை நம்ம கோயில்பிள்ளையே சொல்லுவான்!"

"அந்த நகம் அளவு என்ன கலரும்மா?"

"மாநிறம்ங்கய்யா. நம்ம கலரு."

"மாதா கறுப்பா?" என்று ஒரு பொம்பளைக் குரல் எழும்பியது. "அடிப் பாவி, எச்சி வச்சதும் பத்தாதுன்னு இது வேறயா! எச்சி வச்சாளான்னு கேளுங்க மொதல்ல!"

தலைவர் முகம் மாறியது. "வச்சியாம்மா?"

"வச்சேன்ங்கய்யா." ஏன் வைத்தேன் என்று அதற்கு மேல் அவள் சொன்ன எதுவும் யார் காதிலும் விழவில்லை. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அவள் சுற்றிப் பார்த்தாள். பெண்கள் பக்கத்தில் நாலாவது பெஞ்சில் நான் இருந்தேன்.

"அக்கா, காது குத்தியிருந்ததை நீங்களும் பாத்தீங்கள்ல? நீங்க சொல்லுங்கக்கா."

கூட்டம் அடங்கிவிட்டது. ஊரில் எனக்கு நல்ல பேர். நாலாம் வகுப்பு டீச்சர், கொயர் பாடுகிறவள். நான் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஆறு மாசம் இல்லாவிட்டாலும் ஒரு மாசமாவது கொடுத்திருப்பார்கள். ஃபாதர் என்னைப் பார்த்தார். தலைவர் பார்த்தார். தாளாளர் மேசையில் கிடந்த காகிதம் எனக்குத் தெரிந்தது. வேறெதுவும் தெரியவில்லை.

"நான் நோட்டுத் திருத்திக்கிட்டு இருந்தேன் ஃபாதர். சரியாக் கவனிக்கல" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். அந்தச் சேலையைத் திருப்பிப் போட்டு உள்நூலைப் பார்த்தாளே, அந்த மாதிரி பார்த்தாள். "இன்னும் பாக்கல" என்று இந்தத் தடவை சொல்லவில்லை. துப்பட்டாவைச் சரி செய்துகொண்டு வெளியே போய்விட்டாள்.

மறு வாரமே கார் பெயிண்டர் வந்தான். நல்ல வேலைக்காரன். உதிர்ந்த இடமெல்லாம் பட்டி வைத்து இழைத்து, காதுப் பக்கத்தையும் மழமழவென்று ஆக்கி, மூன்று கோட்டு அடித்தான். திருவிழாவில் சப்பரத்து விளக்கு மாதா கன்னத்தில் பட்டுத் தெறித்தது. "ஆத்தி, எம்புட்டு பளபளன்னு இருக்கு எங்கம்மா!" என்று பக்கத்து வீட்டுக்காரி அழுதாள். நான் கொயரில் நின்று பாடினேன். தொண்டை கட்டவெல்லாம் இல்லை, நன்றாகத்தான் வந்தது குரல். ஜூனில் எனக்கு நிரந்தர ஆர்டர் வந்தது. தெருவுக்கே லட்டு கொடுத்தேன், அந்த ஒரு வீட்டைத் தவிர.

ஆறு மாதத்தில் அவர்கள் வீட்டை ஒத்திக்கு விட்டுவிட்டு வத்தலக்குண்டுக்கு, அவள் தாய்மாமன் வீட்டுப் பக்கம் போய்விட்டார்கள். சாமான் ஏற்றின அன்றைக்கு நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன். அவள் அப்பா வாசலில் நின்று, "டீச்சரம்மா, போயிட்டு வாரோம்" என்று குரல் கொடுத்தார். தலை குளிக்கிற மாதிரி வாளியில் தண்ணீரைத் திறந்துவிட்டேன். இதற்கு மேல் என்னைப் பற்றி என்ன சொல்ல?

போன வருசம் எங்கள் பள்ளிக்கூட டீச்சர்கள் எல்லாம் வேன் பிடித்துக் கொடைக்கானல் போனோம். திரும்பி வரும்போது வத்தலக்குண்டுக்கு முன்னால் ரோட்டோரத்தில் ஒரு பெரிய கடையில் நிறுத்தினார்கள். கீழே காபி, பாத்ரூம், ஹோம்மேட் சாக்லேட். மாடியில் பழைய சாமான்கள். செட்டிநாட்டுக் கதவு, பித்தளைக் குத்துவிளக்கு, மரச் சுரூபங்கள். மற்றவர்கள் காபி குடிக்க, நான் சும்மா மேலே ஏறினேன்.

அவள்தான். காட்டன் சேலை, கழுத்தில் கடை அட்டை, நெற்றியோரம் ரெண்டு நரை. சென்னைக் குடும்பம் ஒன்றுக்கு ஒரு மாதா சுரூபத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். மங்கின நிறம், அங்கங்கே பெயிண்ட் உதிர்ந்த மாதிரி இருந்தது.

"எவ்வளவு பழசும்மா இது?" என்று அந்த ஆள் கேட்டார்.

அவள் சுரூபத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "முந்நூறு வருசம் சார். போர்ச்சுகல்லருந்து கப்பல்ல வந்தது."

"கப்பல்லயா!" என்று அந்தம்மா நெஞ்சில் கை வைத்தது. உடனே பேக் பண்ணச் சொன்னார்கள்.

அவர்கள் பில் போட நகர்ந்ததும் நான் எதிரே போய் நின்றேன். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "வாங்க டீச்சர். நல்லா இருக்கீங்களா?" என்றாள். டீச்சர். அக்கா போய்விட்டது.

"இருக்கேன். அப்பா எப்படி இருக்காரு?"

"படுத்தபடுக்கையா இருக்காரு. மாத்திரைக்கு ஆகுது இந்த வேலை."

வாய் சும்மா இருக்கிறதா எனக்கு? "நெசமாவே முந்நூறு வருசமா அது?" என்று கேட்டேன்.

"போன வாரம் லாரியில வந்துச்சு டீச்சர். டீ டிக்காசன் ரெண்டு தடவ அடிச்சு வெயில்ல வச்சோம்." தூசித் துணியால் அடுத்த சுரூபத்தைத் துடைத்தாள், தண்ணீரில் நனைத்த துணி. "கப்பல்னு சொன்னா விழுந்துருவாங்கன்னு நீங்கதான் சொன்னீங்க. சரியாத்தான் இருக்கு."

நான் அந்தச் சுரூபத்தின் காதைப் பார்த்தேன். குத்தவில்லை. மூளியாக இருந்தது. இத்தனை வருசமாகத் தொண்டையில் நின்றது அங்கே வைத்து வெளியே வந்துவிட்டது. "நான் பாத்தேன்டி. காது குத்தியிருந்துச்சு. தோடு இருந்துச்சு. எங்கம்மா காது மாதிரியே இருந்துச்சு. நான் பாத்தேன்" என்றேன். அழுதேன் என்றுகூடச் சொல்லலாம்.

அவள் துணியை மடித்து மேசையில் வைத்தாள்.

"இல்ல டீச்சர். நீங்க நோட்டுத் திருத்திக்கிட்டு இருந்தீங்க" என்றாள். படிக்கட்டில் அடுத்த குடும்பம் ஏறி வந்தது. "வாங்க சார், வாங்கம்மா" என்று அவர்கள் பக்கம் போனாள்.